தலையாலங்கானம்: மதுரை வாயிலில் தொடங்கிய போர்

"தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் சிறுவனாக இருந்தபோதே சேரன், சோழன், மேலும் ஐந்து குறுநில மன்னர்கள் என ஏழு பேரை ஒரே நாளில் வென்றான் என்கிறார்கள். இதில் வரலாறு எவ்வளவு, புலவர்களின் புனைவு எவ்வளவு? அந்தப் போரால் எதுவும் மாறியதா?" என்பது கேள்வி.

போர் நடந்தது உண்மை. எதிரிகள் ஏழு பேர் என்பதையும், அரசன் வயதில் மிக இளையவன் என்பதையும் நான் ஏற்கிறேன். 'ஒரே நாள்' என்பதை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆலங்கானத்துக் களம் ஒரு பகலில் முடிந்திருக்கலாம். ஆனால் அது ஒரு நீண்ட போரின் கடைசிக் கட்டம். முதல் கட்டம் மதுரையின் வாயிலிலேயே நடந்திருக்கிறது. இந்த முதல் கட்டத்தை விட்டுவிட்டுப் பேசுவதால்தான் தலையாலங்கானம் ஏதோ ஒரு சிறுவனின் அற்புதச் செயல் போலத் தோன்றுகிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சங்க காலப் பாண்டியர்களில் நெடுஞ்செழியன் என்ற பெயர் பலருக்கு உண்டு. மதுரைக்கு அருகே மாங்குளத்தில் உள்ள பழைய தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டில் ஒரு நெடுஞ்செழியன் வருகிறான். அவன் சில நூற்றாண்டுகள் முந்தியவன். கோவலனைக் கொல்லச் சொல்லி, உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் விட்ட சிலப்பதிகார மன்னனும் வேறொருவன். அவனை 'ஆரியப் படை கடந்த' நெடுஞ்செழியன் என்பார்கள். நாம் பேசுகிறவன் 'தலையாலங்கானத்துச் செருவென்ற' நெடுஞ்செழியன். காலம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது பரவலான கருத்து.

அவன் காலத்துக் கல்வெட்டு எதுவும் இந்தப் போரைச் சொல்லவில்லை. பிறகு எதை வைத்து உண்மை என்கிறோம்? பாடல்களை வைத்துத்தான். ஆனால் இங்கே ஒரு புலவர் ஒரு மன்னனைப் புகழ்ந்த ஒற்றைப் பாட்டு மட்டும் இருக்கவில்லை. இடைக்குன்றூர் கிழார், மாங்குடி கிழார், குடபுலவியனார், கல்லாடனார், நக்கீரர், குறுங்கோழியூர் கிழார் என்று வேறு வேறு ஊர்களையும் சார்புகளையும் கொண்டவர்கள் இந்தப் போரையோ அதன் விளைவையோ பாடியிருக்கிறார்கள். போரில் சிறைப்பட்ட சேரனின் பக்கம் நின்று பாடியவரும் இவர்களில் ஒருவர்.

அரசனை நேரே புகழும் பாடல்களைவிட, அவனைப் பற்றியே பேசாத காதல் பாடல்களை நான் பெரிய சாட்சியாகக் கருதுகிறேன். அகநானூறு 36 நக்கீரர் பாடியது. அதில் போரே கிடையாது. தூண்டில் முள்ளை விழுங்கிய வரால் மீன் ஒன்று ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூக்கள் சிதையத் துள்ளிப் பாய்கிறது. தூண்டிற்காரன் இழுத்தும் வராமல், கயிற்றில் கட்டுப்பட்ட கோபக்கார எருதைப் போலக் குளத்தையே கலக்குகிறது. அப்படிப்பட்ட குளங்கள் உள்ள ஊரின் தலைவன் வையைத் துறையில் மருத மரங்கள் ஓங்கிய சோலையில் வேறொரு பெண்ணோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். தோழி வாயிலை மறித்துக்கொண்டு சொல்கிறாள்: ஊரில் எழுந்திருக்கும் பேச்சு எவ்வளவு பெரிது தெரியுமா? ஆலங்கானத்தில் செழியன் ஏழு பேரை அடக்கி, அவர்களுடைய முரசையும் வெண்குடையையும் கைப்பற்றி, களவேள்வி (வென்ற களத்தில் இடும் பலி) செய்த நாளில் வென்ற வீரர்கள் எழுப்பிய ஆரவாரத்தைவிடப் பெரிது!

அந்த ஏழு பேரின் பட்டியல் நமக்குக் கிடைப்பது இந்தப் பாட்டில்தான். சேரல், செம்பியன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோ வேண்மான், பொருநன். அகநானூறு 209-இல் கல்லாடனாரும் இதே ஆரவாரத்தை ஊர்ப்பேச்சுக்கு உவமையாக்குகிறார். நற்றிணை 387-இல் மழைமேகத்தின் மின்னல், ஆலங்கானத்துச் செழியனின் பாசறையில் உறை கழித்த வாள்களைப் போல மின்னுகிறது. கேட்பவருக்குத் தெரியாத ஒன்றை எந்தப் புலவரும் உவமையாக வைக்க மாட்டார். ஒரு பெண் வீட்டு வாசலில் நின்று சண்டை போடும்போது வாயில் வரும் அளவுக்கு அந்தப் போர் நாடறிந்த செய்தியாக இருந்திருக்கிறது.

பட்டியலில் உள்ளவர்களில் சேரலும் செம்பியனும் மூவேந்தர் குடியினர். எருமையூரன் இன்றைய மைசூர்ப் பகுதியைச் சேர்ந்தவன் என்பார்கள். 'எருமை நன்னாடு' வடுகர் தலைவனுக்கு உரியது என்று அகநானூற்றிலேயே வேறொரு பாட்டு சொல்கிறது. எழினி என்பது அதியமான்கள் வழியில் வழங்கும் பெயர். இருங்கோவேள் பழமையான வேளிர் குடி; வேளிர் என்பவர்கள் குறுநிலத் தலைவர்கள். கபிலர் பாரி மகளிரை அழைத்துக்கொண்டு போய் நின்ற வாசல்களில் ஒன்று அந்தக் குடியினுடையது. வடக்கே கன்னட எல்லை, மேற்கே சேர நாடு, கிழக்கே காவிரிக் கரை, இடையில் வேளிர் நாடுகள். பாண்டிய நாட்டைச் சுற்றிப் போட்ட வளையம் இது.

இவ்வளவு பேர் ஏன் சேர்ந்தார்கள்? சங்க காலத்தில் இப்படிப்பட்ட கூட்டணி புதிதல்ல. இதற்கு முன்பே வெண்ணியில் கரிகாலனை எதிர்த்துச் சேரனும் பாண்டியனும் சேர்ந்து நின்று தோற்றிருக்கிறார்கள். அங்கே வேளிர் பதினொருவர் கூட இருந்ததாக அகநானூறு 246 சொல்கிறது. மூவேந்தரில் ஒருவன் மற்றவர்களுக்கு அடங்காமல் வளர்ந்தால், மற்ற இருவரும் குறுநில மன்னர்களைச் சேர்த்துக்கொண்டு அவன் மீது பாய்வார்கள். வெண்ணியில் நடந்தது அது. தலையாலங்கானத்தில் கணக்கு நேர் எதிரானது. பாண்டியன் வலுத்துவிட்டான் என்று யாரும் பயந்து வரவில்லை. பாண்டிய நாடு இப்போது வலுவில்லாமல் இருக்கிறது என்று நினைத்து வந்தார்கள்.

அந்த எண்ணத்தைப் புறநானூறு 78 எதிரிகளின் வாய்மொழியாகவே தருகிறது: "விழுமியம் பெரியம் யாமே, நம்மிற் பொருநனும் இளையன், கொண்டியும் பெரிது." நாம் சிறந்தவர்கள், பெரியவர்கள், நம்மோடு மோதப் போகிறவனோ சின்னப் பையன், கொள்ளையடிக்கக் கிடைப்பதோ ஏராளம். போரின் காரணத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதிவிட முடியாது. அந்தக் கொள்ளைப் பொருள் எதுவாக இருந்திருக்கும் என்பதை அறிய, மாங்குடி மருதனார் இவனைப் பாடிய மதுரைக்காஞ்சியைப் புரட்டினால் போதும். கொற்கையின் முத்து, கடல் கடந்து வரும் குதிரைகள், பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று ஓயாத கடைத்தெருக்கள். அரியணை ஏறியிருப்பவன் அனுபவமில்லாதவன் என்றால், இதைப் பங்கு போட்டுக்கொள்ள ஏழு பேருக்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை.

இனி அந்த 'இளையன்' பற்றி. இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூறு 77 என்னைப் பொறுத்தவரை சங்கப் பாடல்களில் மிக நுட்பமாகக் கண்ணால் பார்த்து எழுதியவற்றில் ஒன்று. புலவர் தேரைப் பார்க்கிறார். மேலே ஒருவன் நிற்கிறான். காலில் இருந்த கிண்கிணியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வீரக்கழல் கட்டியிருக்கிறார்கள். குடுமி களைந்த தலையில் வேப்பந்தளிரை உழிஞைக் கொடியோடு சேர்த்துச் சூட்டியிருக்கிறார்கள். சிறு வளையைக் கழற்றிய கையில் வில். "யார்கொல்?" என்று கேட்கிறார் புலவர்; வாழ்க அவன் கண்ணி என்று வாழ்த்துகிறார். மாலை சூடிவிட்டான், ஆனால் கழுத்தில் குழந்தைக்குக் காப்பாகக் கட்டும் தாலியை இன்னும் கழற்றவில்லை. பாலை விட்டுச் சோறு உண்ணத் தொடங்கியதே இன்றைக்குத்தான்.

கடைசி இரண்டு செய்திகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நேற்று வரை பால் குடித்தவன் இன்று வில்லை வளைக்க முடியாது. 'நேற்றுப் பிறந்த பையன்' என்று இன்றும் நாம் சொல்வதில்லையா, அதே தொனி அது. ஆனால் கிண்கிணியையும் சிறு வளையையும் கழற்றும் பருவம் என்பது வெறும் அலங்காரமாக எனக்குத் தோன்றவில்லை. சிறுவன் என்ற நிலையிலிருந்து அரசன் என்ற நிலைக்கு அவசரமாக மாற்றப்பட்டவன் அவன் என்பதை இந்த மாற்றங்கள் காட்டுகின்றன. பதின்ம வயதினன், முடிசூடி அதிக நாள் ஆகாதவன் என்று கொள்வதே பொருத்தம். அதன் பிறகு அவன் நெடுங்காலம் ஆண்டதும், முதிர்ந்த மன்னனாக மதுரைக்காஞ்சியைக் கேட்டதும் இதோடு ஒத்துப்போகின்றன.

அந்தப் பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. மேலே வந்து மோதியவர்களைப் பார்த்து அவன் வியக்கவும் இல்லை, இழிவாக நினைக்கவும் இல்லை. அவர்களை இறுகப் பிடித்து, வானம் அதிர ஆரவாரம் எழும்படி, கவிழ்ந்து நிலத்தில் விழ அடித்தான். அதற்காக மகிழவும் இல்லை, செருக்கவும் இல்லை. பக்கத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுதியது போல இருக்கிறது.

அவன் இளமைக்கு மூன்றாவது சாட்சி அவனே. புறநானூறு 72 நெடுஞ்செழியன் தானே பாடியது. யானையும் தேரும் குதிரையும் வீரரும் எங்களிடம் இருக்கின்றன என்று செருக்கி, 'இவன் இளையன்' என்று என் மனம் வருந்தும்படி பேசி, சிறுசொல் சொன்ன அந்த வேந்தர்களைச் சிதறடித்து, முரசோடு சேர்த்து ஒருங்கே பிடிக்காவிட்டால் எனக்கு இன்ன கேடுகள் வரட்டும் என்று வஞ்சினம் கூறுகிறான். என் நிழலில் வாழும் குடிமக்கள் போக வேறு இடமில்லாமல் 'எங்கள் அரசன் கொடியவன்' என்று கண்ணீர் விட்டுத் தூற்றட்டும். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விலகட்டும். இரப்பவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும்.

தோற்றால் உயிரை விடுவேன் என்று அவன் சொல்லவில்லை. குடிகளின் பழி, புலவர்களின் மௌனம், கொடுக்க முடியாத வறுமை ஆகிய மூன்றையும்தான் உயிரை விடப் பெரிய இழப்பாக வைக்கிறான். புறநானூற்றில் 71, 72, 73 மூன்றும் அடுத்தடுத்து அரசர்கள் பாடிய வஞ்சினப் பாடல்கள். பூதப்பாண்டியனுக்கும் நலங்கிள்ளிக்கும் நடுவில் நிற்கும் இந்தப் பாட்டில், சீண்டப்பட்ட ஓர் இளைஞனின் கொதிப்பு அப்படியே கேட்கிறது. 'சிறுசொல்' அவனை உறுத்தியிருக்கிறது.

இப்போது முதல் கட்டப் போருக்கு வருவோம். புறநானூறு 79-ஐப் பாருங்கள். பழைய ஊரின் வாயிலில் உள்ள குளிர்ந்த குளத்தில் நீராடி, மன்றத்து வேம்பின் தளிரைச் சூடி, பறை முன்னே முழங்க, களிறு போல நடந்து செழியன் வந்துவிட்டான். எதிர்த்து வந்திருப்பவர்களோ பலர். "எஞ்சுவர் கொல்லோ, பகல் தவச் சிறிதே" என்று முடிக்கிறார் இடைக்குன்றூர் கிழார். பகல் பொழுது மிகக் குறைவாக இருக்கிறதே, அதனால் சிலர் பிழைத்துப் போய்விடுவார்களோ! அவருடைய கவலை அதுதான்.

ஊர் வாயிலில் குளித்துவிட்டு, ஊர் மன்றத்து வேம்பைச் சூடிக்கொண்டு களத்துக்குப் போகிறான் என்றால் எதிரி எங்கே இருந்திருக்க வேண்டும்? மதுரைக்கு மிக அருகில். 77, 78, 79 மூன்றிலும் எதிரிகள் 'வம்ப மள்ளர்', அதாவது புதிதாக வந்த வீரர்கள், என்றே சுட்டப்படுகிறார்கள். 76-இல் 'பொருதும்' என்று கூடி அவன் மேல் வந்தவர்கள். பாண்டிய நாட்டுக்குள் நுழைந்து தலைநகரை நெருங்கிய படை அது.

அடுத்து நடந்ததை 78 சொல்கிறது. அவர்களை இங்கேயே கொல்ல அவன் ஒப்பவில்லை. அவர்களுடைய தந்தையர் ஊருக்கே துரத்திக்கொண்டு போய், அங்கே அவர்கள் வீட்டுப் பெண்கள் நாணி மாயும்படி, பறை முழங்க அங்கே வைத்துக் கொன்றான். தலையாலங்கானம் சோழ நாட்டின் நடுவில் ஏன் இருக்கிறது என்பதற்கு விடை இந்தப் பாட்டில் கிடைக்கிறது. மதுரையைத் தாக்க வந்தவர்கள் தோற்றுப் பின்வாங்க, அவன் விடாமல் தொடர்ந்து, காவிரிப் பாசன நாட்டுக்குள் அவர்கள் மீண்டும் திரண்டு நின்ற இடத்தில் முடித்துவைத்தான். 76-இல் இடைக்குன்றூர் கிழார், ஒருவரை ஒருவர் கொல்வதும் தோற்பதும் உலகத்து இயற்கை, புதிதல்ல. ஆனால் ஏழு பேர் கூடி வர, ஒருவனாக நின்று பொருது களத்தில் கொன்றதை இன்றைக்கு முன் கேட்டதில்லை என்கிறார். 'ஒருவன்' என்பது துணைக்கு வேறு வேந்தர் இல்லாமல் என்ற பொருளில். படை இல்லாமல் யாரும் மதுரையிலிருந்து குடவாசல் பக்கம் வரை துரத்திப் போக முடியாது.

ஆலங்கானத்துக் களத்தைக் குடபுலவியனார் புறநானூறு 19-இல் காட்டுகிறார். "தமிழ் தலைமயங்கிய தலையாலங்கானம்" என்கிறார். தமிழ்ப் படைகளே ஒன்றோடொன்று கைகலந்த இடம். குன்றில் வந்து தங்கிய குருவிக் கூட்டம் போல யானை உடம்பெல்லாம் அம்புகள் தைத்து நிற்கின்றன. துளையுடைய தும்பிக்கைகள் வாயோடு அறுபட்டு, கலப்பையைப் போல மண்ணில் புரள்கின்றன. யானைகளை வெட்டி வீழ்த்திய வீரர்கள் அங்கேயே கிடக்கிறார்கள்; தந்தையும் மகனும் ஒரே களத்தில். முதிய மறக்குடிப் பெண்கள், நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வெற்றி வாய்த்ததே என்று கசிந்து அழுகிறார்கள். கூற்றுவனே பார்த்து நாணினான் என்கிறார் புலவர். இந்தப் பாட்டை அவர் அரசனைத் தழுவிக்கொண்ட நிலையில் சொல்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த மார்பைப் புலியைப் பிடிக்க வேட்டுவன் வைத்த பெருங்கல் பொறிக்கு ஒப்பிடுகிறார். அன்பாக அணைத்தாலும் அது கல் பொறிதான்.

களத்தில் அவன் கைப்பற்றிய முரசும் வெண்குடையும் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகின்றன என்று கேட்கலாம். முரசு சங்க கால அரசுரிமையின் உருவம். சண்டையில் வென்ற காளையின் தோலை மயிர் சீவாமல் போர்த்துச் செய்வார்கள். தனிக் கட்டிலில் வைத்துப் பூவிட்டு வழிபடுவார்கள். அதை இழந்தவன் உயிரோடு இருந்தாலும் அரசன் அல்ல. ஏழு முரசுகளும் ஒரே நாளில் ஒருவன் கைக்குப் போனது என்பதுதான் அன்றைய கேட்பவர்களை அதிரவைத்த செய்தி. கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையைவிட இது பெரிது.

பிறகு நடந்ததாக மாங்குடி கிழார் புறநானூறு 26-இல் சொல்லும் களவேள்வி கொடூரமானது. முடி சூடிய தலைகளை அடுப்பாக்கி, குருதியை உலைநீராக வார்த்து, தொடி அணிந்த தோள்களைத் துடுப்பாகக் கொண்டு துழாவிச் சமைத்த பலி. இதை அப்படியே நடந்த சடங்கு என்று நான் நம்பவில்லை. வெற்றியைப் பாடும் புறத்துறை மரபு இப்படிப் பேசும். ஆனாலும் அந்தப் பாட்டின் இறுதி கூர்மையானது: உன்னோடு பகைத்தவர் என்ற பெயரைப் பெற்றதால், தோற்று மடிந்தாலும் அவர்கள் மேலுலகில் வாழ்வார்கள், தவம் செய்தவர்கள் உன் பகைவர்கள்தாம்.

தோற்றவர்கள் என்ன ஆனார்கள்? எல்லோரும் கொல்லப்படவில்லை. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேரனை நெடுஞ்செழியன் சிறைப்பிடித்து வைத்திருந்தான். பின்னர் அவன் தன் வலிமையால் தப்பிப்போய் மறுபடியும் அரியணை ஏறினான். குறுங்கோழியூர் கிழார் அதைப் புறநானூறு 17-இல் பாடுகிறார். ஆழமான குழியில் விழுந்த, தந்தம் முற்றிய களிறு குழியைத் தூர்த்து வெளியேறித் தன் இனத்தோடு சேர்ந்துகொண்டது போல நீ திரும்பி வந்தாய் என்கிறார். ஆலங்கானத்துப் பட்டியலில் உள்ள 'சேரல்' இவனே என்று பலரும் கொள்கிறார்கள். நானும் அப்படியே கருதுகிறேன்.

ஆனால் ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பிறகு, பாண்டிய மன்னன் மூன்றாம் இராசசிம்மன் வெளியிட்ட பெரிய சின்னமனூர்ச் செப்பேடு தன் முன்னோரின் புகழை அடுக்கும்போது, தலையாலங்கானத்தில் 'தன்னொக்கும் இருவேந்தரை' வாளால் தலை துமித்ததாக (வெட்டியதாக)ச் சொல்கிறது. இங்கே ஐந்து குறுநில மன்னர்களும் காணாமல் போய்விட்டார்கள். இரு பெரு வேந்தர் மட்டும் மிஞ்சி, அவர்கள் தலையும் போய்விட்டது. சிறைப்பட்டுத் தப்பிய சேரனைச் சங்கப் பாட்டு நமக்கு வைத்திருக்காவிட்டால், செப்பேட்டையே நம்பியிருப்போம். காலத்தால் நெருங்கிய சாட்சியையே முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதே சமயம், பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியர்களும் தங்கள் குலப் பெருமையில் இந்தப் போரை முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது.

போர் எதை மாற்றியது என்ற கேள்விக்கு, என் பார்வையில், பெரிய அடி வாங்கியவர்கள் வேளிர். புறநானூறு 24-இல் மாங்குடி கிழார், எவ்வி என்ற வேளின் மிழலைக் கூற்றத்தையும் (கூற்றம் என்பது ஒரு நாட்டுப் பிரிவு), பழங்குடி வேளிரிடமிருந்து நெற்குவியல் நிறைந்த முத்தூற்றுக் கூற்றத்தையும் கைப்பற்றியவனே என்று அவனை விளிக்கிறார். சோழ, பாண்டிய எல்லையில் இரு தரப்புக்கும் நடுவே பேரம் பேசிக்கொண்டிருந்த நாடுகள் பாண்டியன் கைக்குள் வந்தன. மதுரைக்காஞ்சி அவனை நெல்லின் பெயர் கொண்ட துறைமுகத்தைப் பிடித்தவன், கொற்கை மக்களின் தலைவன், தென்பரதவரின் போரேறு என்கிறது. கடலோரமும் வயலும் ஒரே குடையின் கீழ் வந்தன. மறுபக்கம் சேரனும் சோழனும் ஒழிந்துவிடவில்லை. சேரன் தப்பியதே அதற்குச் சான்று. மூன்று அரசுகளில் ஒன்று மற்ற இரண்டையும் விழுங்கும் நிலை வரவில்லை. மதுரையை நோக்கி மறுபடியும் கூட்டாகப் படையெடுக்கும் துணிவு அவன் காலத்தில் யாருக்கும் வரவில்லை என்ற அளவுக்கு அது தீர்வான போர்.

வென்றவனைப் பாடிய புலவர்களே களத்தின் விலையையும் பாடினார்கள் என்பது இந்தப் போரைப் படிக்கும்போதெல்லாம் என்னை நிறுத்திவைக்கும் செய்தி. கல்லாடனார் புறநானூறு 25-இல், செழிய, உன் வேல் சிதையாமல் தப்பியது எப்படித் தெரியுமா என்று கேட்கிறார். மார்பில் அறைந்துகொண்டு அழும் இளம்பெண்கள், ஆற்றின் கருமணல் போன்ற கூந்தலைக் கைம்மை நோன்புக்காகக் கொய்வதைக் கண்டு நீ நிறுத்தியதால்தான்! 23-இல் அவரே அவனைப் பார்க்க வரும் வழியைச் சொல்கிறார். ஆண்மானைப் புலி கொண்டுபோய்விட, தத்தி நடக்கும் குட்டியை அணைத்துக்கொண்ட பெண்மான், பூளைச் செடி வளர்ந்து மண்டிய பாழ்வெளியில் வேளைப் பூவைக் கறித்துக்கொண்டு நிற்கிறது. மனித நடமாட்டமே இல்லாத அந்தக் காட்டைக் கடந்து வந்தேன் என்கிறார். முன்பு அது பகைவரின் நாடு. அரசவையில் நின்று, வென்ற மன்னன் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

களத்தைப் பாடிய குடபுலவியனாரே அடுத்த கட்டத்தில் அவனிடம் கேட்டது வேறொன்று. புறநானூறு 18-இல், "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்று சொல்லி, மறுமைச் செல்வமோ வெற்றியோ புகழோ எது வேண்டுமானாலும், பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கு என்கிறார். வானம் பார்த்த நிலம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அரசனின் முயற்சிக்குப் பயன்படாது. மாங்குடி மருதனார் 782 அடிகளில் மதுரையைப் பாடிவிட்டு, நடுவில் அவனுக்கு நினைவூட்டுகிறார்: புகழோடு உலகை ஆண்டு மறைந்தவர்கள் கடல் அலை குவிக்கும் மணலைவிடப் பலர். வஞ்சினத்தில் எந்தப் புலவர் பாடாமல் போவதைப் பெரிய கேடாகச் சொன்னானோ, அவரே பாடியது இது.

நக்கீரரின் நெடுநல்வாடையும் இவனைப் பற்றியது என்பது பழைய உரைமரபு. பாட்டில் அரசன் பெயர் இல்லை. ஆனால் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது, அது பாண்டியர் அடையாளம். நள்ளிரவு, மழைத்துளி, வாடைக் காற்று. நழுவும் மேலாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை வாள் தாங்கிய காளை ஒருவனின் தோளில் ஊன்றி, காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு பாசறையில் உறங்காமல் நடக்கிறான் அந்த வேந்தன். அங்கே அரண்மனையில் அவன் தேவி அழுதுகொண்டிருக்கிறாள்.

இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். திருவாரூர் மாவட்டத்தில், கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் வழியில், குடவாசல் பக்கம் உள்ள தலையாலங்காடுதான் பழைய தலையாலங்கானம் என்பது ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட கருத்து. அப்பர் தேவாரம் பெற்ற சிவத்தலம். கரிகாலன் வென்ற வெண்ணியும் இன்று கோயில்வெண்ணி என்ற பெயரில் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

உரையோடு கூடிய புறநானூறு கைக்குக் கிடைத்தால், நூலில் உள்ள எண் வரிசையை விட்டுவிட்டு 72, 79, 77, 78, 76, 19, 23, 25, 17, 18 என்று படித்துப் பாருங்கள். வஞ்சினம், மதுரை வாயில், துரத்தல், ஆலங்கானம், பாழான நாடு, சேரன் தப்பியது, பிறகு நீர்நிலை கட்டச் சொல்லும் அறிவுரை என்று போர் அதன் போக்கில் விரியும். 17-ஐ மட்டும் பாண்டியனின் பாட்டு அல்ல என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தக் களத்தைத் தோற்ற தரப்பிலிருந்து பார்க்க நமக்கு இருக்கும் வாசல் அது.